மாசியில் வாருங்கள்: பருத்தி போன பாதையில் ஒரு பயணம்

நம் சங்கத்தில் கொஞ்ச நாளாகவே ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த சந்திப்பை மண்டபத்தில் கூடி, குத்துவிளக்கு ஏற்றி, குரூப் போட்டோ எடுத்து, சாப்பிட்டுக் கலைவதோடு முடித்துவிடாமல், குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் எங்காவது போய்வரலாம் என்பது அந்தப் பேச்சு. வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள்தான் இதை அதிகம் வற்புறுத்துகிறார்கள். அவர்கள் பார்த்த பழக்கம் அப்படி. பிரான்சில் பர்கண்டி பக்கம் செப்டம்பரில் திராட்சை பறிப்பு. கலிபோர்னியாவில் நாபா பள்ளத்தாக்கில் ஆகஸ்டில் ஆரம்பித்து அக்டோபர் வரை நடக்கும். அந்த நாட்களைக் கணக்குப் பார்த்து, மாதக்கணக்கில் முன்கூட்டியே அறை பதிவு செய்துகொண்டு ஜனங்கள் போகிறார்கள். ஒயின் குடிக்கிறார்களோ இல்லையோ, ஒரு மண் தன் விளைச்சலைக் கையில் கொடுக்கிற நேரத்தில் அங்கே போய் நிற்க வேண்டும் என்ற ஆசை அது. நல்ல ஆசைதான்.

"அதே மாதிரி நாமும் கம்பம் போகலாமே" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அங்கே ஒரு வசதி இருக்கிறது. கொடியைக் கவாத்து பண்ணிக் கவாத்து பண்ணி ஆண்டில் இரண்டு மூன்று முறை காய்க்க வைக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் பூ இருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் தொங்கும். எந்த மாதம் போனாலும் கண்ணுக்கு ஏதாவது கிடைக்கும். அதனால் கம்பத்தை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளலாம், அது எங்கும் போய்விடாது. வருஷத்தில் ஒரே ஒரு முறை, ஐந்தாறு வாரம் மட்டும் கதவைத் திறக்கிற ஒரு நாடு நம் கல்லூரி வாசலிலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கோவில்பட்டியைச் சொல்கிறேன். உடனே, "கோவில்பட்டியில என்னத்தப் பாக்க இருக்கு?" என்பீர்கள். மூன்று வருஷம் இங்கே தங்கிப் படித்தவர்களே கேட்கிற கேள்வி இது. கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி, செண்பகவல்லி அம்மன் கோவில் என்று விரல்விட்டு எண்ணிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவோம். இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. நாம் கூடுவது எப்போதும் மே மாதத்தில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு என்பதால் அப்படி வைத்துக்கொண்டோம். மே மாதத்தில் கரிசலைப் பார்த்தவன் எதைப் பார்த்திருப்பான்? பாளம் பாளமாக வெடித்த தரையும், கானலும், சீமைக்கருவேலமும்தான். ஜனவரி மாதத்தில் பர்கண்டிக்குப் போய் மொட்டைக் கொடியைப் பார்த்துவிட்டு வந்து, இதிலே என்ன இருக்கிறது என்று கேட்பது போல அது.

கரிசலின் நாள்காட்டி வேறு. இங்கே ஆண்டுக்குப் பெய்கிற மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டிவிடும். மார்கழியோடு வானம் கையை விரித்துவிடும். அதற்குப் பிறகு மூன்று மாதம் பயிர் நிற்பது மழையால் அல்ல, மண்ணால். கரிசலில் இருக்கிற களி தண்ணீரைக் குடித்து உப்பும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கும். தண்ணீர் வற்றும்போது சுருங்கிப் பிளக்கும். மேல் மண் அந்தப் பிளவுகளுக்குள் விழுந்து, அடுத்த மழையில் உப்பி மேலே வரும். தன்னைத்தானே உழுதுகொள்கிற மண் என்று இதைச் சொல்வது வெறும் உபசாரம் அல்ல. தக்காணத்துக் கறுப்பு மண் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. நம்முடையது அப்படி அல்ல, தெற்கத்திப் பாறைகளே சிதைந்து உண்டானது. நிறம் ஒன்று, பிறப்பு வேறு.

புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் விதைப்பு. கம்பும் சோளமும் தையில் கதிர் அறுப்புக்கு வந்துவிடும். பாசியும் உளுந்தும் அதற்கு முன்பே களத்துக்குப் போயிருக்கும். பிறகு மல்லி. மாசியில் பருத்தி வெடிக்கும். மிளகாய் பழுக்கத் தொடங்கும். மாசிக் கடைசியில் பனையேறிகள் பாளையைத் தட்டிப் பதநீர் இறக்கத் தொடங்குவார்கள். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைகிற பருவமும் அதை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். வெள்ளை, சிவப்பு, இனிப்பு, உப்பு எல்லாம் ஒரே சமயத்தில்! நாசிக்கில் திராட்சை பறிப்பதும் நமது தை, மாசியில்தான் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. இந்தியாவின் அறுவடைச் சுற்றுலாவுக்கு இலையுதிர் காலம் என்ற கணக்கு ஒத்துவராது.

ஆகவே மாசி நடுவிலிருந்து பங்குனி முதல் வாரத்துக்குள், மூன்று நாள். முன்னாலே வந்தால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. ஈரக் கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. தாமதமாக வந்தால் பருத்திமாரைத்தான் பார்க்கலாம். பருத்தி போன வழியிலேயே நாமும் போகலாம் என்பது என் திட்டம்: காட்டிலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து துறைமுகத்துக்கு. இந்த வட்டாரத்தின் 200 வருஷத்துச் சரித்திரம் அந்த வழியில்தான் நடந்திருக்கிறது.

முதல் நாள் காலை ஆறு மணிக்கே பருத்திக் காட்டில் இருக்க வேண்டும். இதைச் சங்கத்துச் செயலாளர் எத்தனை முறை சொன்னாலும் தகும். பருத்தி எடுப்பு காலை வேலை. பனி ஈரம் இருக்கும்போது எடுத்தால் சருகு நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டாது. வெயில் ஏறினால் தூசியும் சருகும் சேர்ந்து, கமிஷன் கடையில் விலை இறங்கும். ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் மடியில் பருத்தியோடு வரப்பில் ஏறுகிற பெண்களைத்தான் பார்க்கலாம், எடுப்பைப் பார்க்க முடியாது. பருத்தி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பழைய நாளில் அவர்களுக்குக் காசுக் கூலி கிடையாது. எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் கூலி. பிள்ளைகள் ஒரு கை பருத்தியைக் கடையில் கொடுத்துவிட்டுப் பண்டம் வாங்கித் தின்பார்கள். ஊரில் அந்த மாதம் முழுக்கப் பருத்தியே நாணயம். சம்சாரிக்குக் கடன் அடைக்கிற மாதமும் அதுதான், கல்யாணம் பேசுகிற மாதமும் அதுதான்.

ஒரு வேண்டுகோள். காட்டுக்காரரைக் கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம். "ஒரு காய்தானே" என்று ஆளுக்கு ஒன்று பறித்தால் ஐம்பது பேர் போன காட்டில் என்ன மிஞ்சும்? எடுப்பவர்களை நிறுத்திவைத்துப் படம் பிடிப்பதும் வேண்டாம். எடைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்குப் பத்து நிமிஷம் என்பது காசு.

அங்கிருந்து வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். 1901-ல் தொடங்கிய பண்ணை இது. தமிழ்நாட்டின் மிகப் பழைய ஆராய்ச்சி நிலையங்களில் ஒன்று. அதன் வாசலைத் தாண்டிப் போனவர்கள் நம்மில் ஆயிரம் பேர் இருப்போம், உள்ளே போனவர் எத்தனை பேர்? பருத்தி, சோளம், கம்பு என்று இங்கே உருவான ரகங்களுக்கு முன்னால் 'கே' என்ற எழுத்து வரும். அந்த 'கே' கோவில்பட்டிதான்.

இந்தப் பண்ணைக்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கு இருந்தது. லிவர்பூல் சந்தையில் நம் பருத்திக்கு 'டின்னவெல்லி' என்று பெயர். அப்போது தூத்துக்குடி மாவட்டம் கிடையாது, 1986 வரை எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். டின்னவெல்லி என்றால் நல்ல பஞ்சு என்று பெயர் இருந்தது. காட்டில் உப்பமும் கருங்கண்ணியும் கலந்து நிற்கும். பிறகு புளிச்சை என்று ஒரு மட்டமான பருத்தி உள்ளே வந்தது. கொட்டை நீக்கினால் பஞ்சு எடை கூடுதலாக நிற்கும், ஆனால் இழை கட்டை. கலந்து விற்றால் வியாபாரிக்கு லாபம். இரண்டு மூன்று வருஷத்தில் டின்னவெல்லியின் பேர் கெட்டுவிடும். பண்ணைக்காரர்கள் கருங்கண்ணியைத் தனியே தெரிந்தெடுத்து, சுத்தமான விதையைச் சம்சாரிகளுக்குக் கொடுத்தார்கள். அதுவும் போதாமல் 1932-ல் சென்னை மாகாண அரசு சட்டம் போட்டே புளிச்சையைத் தடுத்தது. ஒரு செடியை விளைவிக்கக் கூடாது என்று சட்டம் போடுகிற அளவுக்கு இந்தப் பருத்தியின் பெயரில் காசு இருந்தது! போர்தோ, பர்கண்டிக்காரர்கள் தங்கள் ஒயினின் பெயரைக் காப்பாற்ற எத்தனை சட்டம் வைத்திருக்கிறார்கள் என்று வியக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் வெயில். கோவில்பட்டியில் சாப்பிட்டுவிட்டு, திருநெல்வேலி ரோட்டில் சுமார் 10 கிலோமீட்டரில் இடைசெவல். ஊர்ப் பெயரிலேயே மண் இருக்கிறது பாருங்கள். செவல் என்றால் செம்மண். கரிசலுக்கு நடுவே செவல் தலைகாட்டுகிற இடங்களில்தான் கடலை நன்றாக வரும். அந்தக் கடலையும் தேனிப் பக்கத்து வெல்லமும் சேர்ந்துதான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இடைசெவல் கு. அழகிரிசாமிக்கும் கி. ராஜநாராயணனுக்கும் சொந்த ஊர். ஒரே சின்ன ஊரில் பிறந்து, ஒன்றாகத் திரிந்த இரண்டு நண்பர்கள், இரண்டு பேரும் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர்கள். கி.ரா. 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதியே போட்டார். சம்சாரி வாயில் புழங்குகிற சொல்லுக்கு அகராதியில் இடம் வேண்டும் என்று ஒரு சம்சாரியே நினைத்துச் செய்த காரியம். 2021-ல் அவர் மறைந்த பிறகு கோவில்பட்டியில் அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது.

சாயங்காலம் கழுகுமலை. வெட்டுவான் கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது, மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய ஒற்றைக்கல் கோயில், வேலை முடியாமல் நின்றுவிட்டது. சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் பாறை மேலேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள். கீழே தெரிகிற கரிசல் காடு முழுவதும் அந்த மாதத்தில் கட்டம் கட்டமாக நிறம் மாறியிருக்கும். அறுத்த சோளக்காடு வெளிறிக் கிடக்கும், பருத்திக்காடு புள்ளி புள்ளியாக வெள்ளை. மே மாதத்தில் இதே பாறையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

இரண்டாம் நாள் எட்டயபுரம். கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். எல்லோரும் பாரதி பிறந்த வீட்டையும் 1947-ல் திறந்த மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாம் அங்கே இன்னொருவரையும் நினைக்க வேண்டும்: பாரதியின் தகப்பனார் சின்னசாமி ஐயர். கணக்கிலும் இயந்திரங்களிலும் ஆர்வமுள்ள மனிதர். சுற்றிலும் பருத்தி விளைகிறது, அதை வெள்ளைக்காரன் கொண்டுபோய் நூலாக்குகிறானே, நாமே இங்கே ஒரு ஆலை வைத்தால் என்ன என்று நினைத்து, எட்டயபுரத்தில் பருத்தி ஆலை தொடங்கினார். நடத்த முடியவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகளின் போட்டியில் போட்ட பணமெல்லாம் போயிற்று. 1898-ல் அவர் மனமுடைந்து இறந்தபோது பாரதிக்கு வயது 15. அத்தை வீட்டை நம்பிக் காசிக்குப் போனது அதற்குப் பிறகுதான். பாரதியின் சுதேசியம் புத்தகத்திலிருந்து வந்தது என்று நினைப்பவர்கள் அந்த ஆலையை மறந்துவிடுகிறார்கள்.

சின்னசாமி ஐயருக்கு முன்னால் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போயிற்று. பாளையங்கள் அடங்கியதும் கம்பெனியின் கண் பருத்தியில் விழுந்தது. லங்காஷயர் ஆலைகளுக்கு நீள இழைப் பஞ்சு வேண்டும், நம்முடையது குட்டை இழை. 1840-களில் அமெரிக்காவிலிருந்தே பருத்தித் தோட்டக்காரர்களை வரவழைத்தார்கள். கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் மேற்பார்வையில் சோதனை நடந்தது. திருநெல்வேலிச் சீமையிலும் முயன்று பார்த்தார்கள். நம் சம்சாரிக்குப் பருத்தி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள்! மழை தப்பிய வருஷத்தில் அமெரிக்கச் செடி வாடிப் போயிற்று, நாட்டுப் பருத்தி நின்றது. ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கிக் கரிசலின் ஈரத்தைத் தேடுகிற குணம் அதற்கு இருந்தது. பின்னாளில், 1900-களின் தொடக்கத்தில், கம்போடியாப் பருத்தி வந்து கிணற்றுப் பாசனம் உள்ள தோட்டக்கால்களைப் பிடித்துக்கொண்டது உண்மைதான். மானாவாரிக் கரிசல் மட்டும் கருங்கண்ணியிடமே இருந்தது.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தென் மாகாணத்துப் பருத்தி லிவர்பூலுக்கு வரவில்லை. அவ்வளவுதான், நம் ஊர்ப் பருத்திக்கு வந்த விலையைக் கேட்க வேண்டாம். பல மடங்கு ஏறியது. மாட்டுவண்டிகள் வரிசை வரிசையாகத் தூத்துக்குடிக்குப் போயின. கம்பு விதைத்த காட்டிலும் பருத்தி போட்டார்கள். 1865-ல் போர் முடிந்தது, விலை விழுந்தது. ஏற்றத்தில் சேர்த்தவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். இறக்கத்தில் கடனோடு நின்றவர்கள் சம்சாரிகள். கரிசலில் இந்தக் கதை பிறகும் பல தடவை நடந்தது. ஆனால் அந்த நாலு வருஷம் ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிட்டது: இந்தக் காட்டுக்கு ரயில் போட்டால் லாபம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் 1876-ல் ஓடத் தொடங்கியது. கோவில்பட்டி ஒரு ஸ்டேஷன் ஆனது. ஸ்டேஷன் வந்ததால் ஜின்னிங் பாக்டரி, பிரஸ், பிறகு நூல் மில்கள், லாயல் மில், லட்சுமி மில். மில் சங்கு சத்தத்துக்கு விடுதியில் கண் விழித்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

எட்டயபுரத்துக்குப் பக்கம்தான் உருளைகுடி. சோ. தர்மனின் 'சூல்' அந்த ஊர்க் கண்மாயைச் சுற்றி எழுந்த நாவல். 2019-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பருத்தி மட்டுமே கரிசல் அல்ல, கண்மாயும் அதன் கீழ் நஞ்சையும் உண்டு என்பதற்கு அங்கே ஒரு மணி நேரம் நிற்பது நல்லது. கண்மாய் கெட்டால் ஊர் எப்படிக் கெடும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அங்கிருந்து விளாத்திகுளம் போகிற வழியில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வாருங்கள். பாதிக் காட்டில் மக்காச்சோளம். 2018-ல் படைப்புழு வந்து குருத்தைக் குடைந்து தள்ளியபோதும் சம்சாரிகள் அதை விட்டுவிடவில்லை. கோழித் தீவனத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது, எடுப்புக்கு ஆள் தேட வேண்டாம். பருத்திக்கு எடுப்புக் கூலி கொடுத்துக் கட்டுபடியாகவில்லை என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டுக் காடு தரிசாகக் கிடக்கிறது? தரிசாகக் கிடக்கிற காடுகளில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. 1950-களிலும் 60-களிலும் விறகுக்கு ஆகும் என்று விதை தூவிப் பரப்பிய மரம். விறகு கிடைத்தது, கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்களும் உண்டு. ஆனால் மஞ்சணத்தி நின்ற வரப்பு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கருங்கண்ணியைத் தேடினால் இன்றைக்கு இயற்கை விவசாயம் செய்கிற சிலரிடம் பார்க்கலாம். சில குழுக்கள் அதன் விதையைக் காப்பாற்றி, நூலாக்கி, கைத்தறித் துணியாக்கி விற்கின்றன. காட்டில் அதன் பங்கு ரொம்பச் சின்னது. 2002-க்குப் பிறகு பி.டி. பருத்தி வந்ததும் நாட்டுப் பருத்தி போட்டவர்களே குறைந்துபோனார்கள். டின்னவெல்லி என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிய செடியைத் தன் காட்டில் பார்த்த மாணவன் இன்றைக்கு நம் வகுப்பறையில் இருக்கிறானா? இருந்தால் அவனைத்தான் இந்தப் பயணத்துக்கு வழிகாட்டியாக வைக்க வேண்டும்.

இரவு விளாத்திகுளத்தில் தங்கல். வசதி பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாம் நாள் விடியுமுன் வேம்பார். கடலோரம், கரிசல் முடிந்து மணல் தொடங்குகிற இடம், பனங்காடு. பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிச் சீவிக் கலயம் கட்டுவார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்! தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே 'ஒயின் நாட்டுச் சுற்றுலா' என்று யோசனை சொன்ன நண்பர்கள் நம் ஊரில் பதநீரோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கும்போது அந்தக் குறையே தெரியாது. வெயில் ஏறுமுன் குடிக்க வேண்டும். பிறகு விடிலிக்குள் போய்ப் பாருங்கள். ஆண் ஏறி இறக்கிய பதநீரைப் பெண் அடுப்படியில் நின்று மணிக்கணக்காகக் காய்ச்சுவாள். ஒரு நாளைக்குக் காலையும் மாலையும் அத்தனை மரம் ஏறி இறங்குகிற உழைப்பும், அந்தப் புகையும் சேர்ந்துதான் கருப்பட்டி. விலை கேட்டுவிட்டு, "சீனி இவ்வளவுதானே" என்று பேரம் பேசுகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

தூத்துக்குடிக்குப் போகிற வழியில் ஓட்டப்பிடாரம், பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். ஒன்று கட்டபொம்மனுடையது, இன்னொன்று வ.உ.சி.யுடையது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரத்தை ஓட்டப்பிடாரத்துக்குக் கொடுங்கள். வ.உ.சி. என்றதும் 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி நினைவுக்கு வரும். நம் பயணத்துக்கு வேண்டியது அவருடைய இன்னொரு காரியம். தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில். நம் காட்டுப் பருத்தி நூலாகிற இடம். விடியலிலிருந்து இருட்டும் வரை வேலை, ஞாயிறு விடுமுறை கிடையாது, பிள்ளைகளும் வேலை செய்தார்கள். 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஊரும் கூட நின்றது. ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-ம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கைது நடந்தது கப்பலுக்காக மட்டும் அல்ல என்பது தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரியும். தேதி என்ன? பிப்ரவரிக் கடைசி, மார்ச் தொடக்கம். மாசி மாதம். காட்டில் பருத்தி வெடிக்கிற அதே வாரங்கள்.

துறைமுகத்தில் பயணம் முடிகிறது. நேரம் இருந்தால் உப்பளங்களில் வாரிக் குவித்த உப்பையும் பார்த்துவிட்டு ரயிலேறலாம்.

இனி நடைமுறை. மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை வருகிறது, பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற கரிசல்காரர்கள் மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட எப்படியும் ஊருக்கு வந்துவிடுகிறோம். எந்தப் பரீட்சையும் அதை நிறுத்தியதில்லை. சிவராத்திரிக்கு அடுத்து வரும் வெள்ளி, சனி, ஞாயிறை எடுத்துக்கொண்டால் தனியாக ஒரு பயணச் செலவு மிச்சம். மழை பிந்திய வருஷம் பருத்தியும் பிந்தும் என்பதால் தேதியைத் தைப் பொங்கல் கழிந்தபின், காட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிற மாணவர்களில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் நிறையப் பேர். எந்தக் காட்டில் எடுப்பு எப்போது என்று அவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களில் பத்துப் பேருக்குப் பயணச் செலவைச் சங்கமே ஏற்றுக்கொள்ளலாம்.

இரண்டு பஸ் போதும். பெரிய பஸ் வேண்டாம், உருளைகுடிப் பக்கம் திருப்ப முடியாது. ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு செம்புத் தண்ணீர், பழைய செருப்பு. கம்பங்கூழுக்கு யாராவது ஒரு ஊரில் சொல்லிவைத்தால் செய்து தருவார்கள், அதற்குரிய காசை முன்பணமாகவே கொடுத்துவிட வேண்டும்.